புதிய மடிக்கணினியில் லினக்ஸ்: கிராஃபிக்ஸ் இயக்கிச் சிக்கல்களைப் படிப்படியாகத் தீர்த்தல்

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என ஏதேனும் ஒரு லினக்ஸ் வழங்கலை நிறுவியவுடன் திரை கறுத்துப்போவதும், மினுக்குவதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போவதும், ஒரு சாதாரணக் காணொளிக்கே விசிறி இரைவதும் அடிக்கடி நடக்கின்றன. விண்டோஸில் பழகியவர் உடனே தயாரிப்பாளரின் இணையதளத்துக்குப் போய் டிரைவர் கோப்பைத் தேடத் தொடங்குவார். லினக்ஸில் பெரும்பாலும் அது தேவையற்ற அலைச்சல். இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் இயக்கிகளும் (டிரைவர்கள்) லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுடனேயே வருகின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இயக்கி எங்கே கிடைக்கும் என்பதன்று. நம்மிடம் உள்ள கெர்னல் இந்த வன்பொருளை அறியும் அளவுக்குப் புதியதா என்பதே. என்விடியா மட்டும் தனிக்கதை. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். எழுத்து பெரியது என்று தனியே சொன்ன இடங்கள் தவிர, முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

நான்கு அடுக்குகள்

‘கிராஃபிக்ஸ் டிரைவர்’ என்று ஒருமையில் சொன்னாலும் லினக்ஸில் அது நான்கு அடுக்குகளாக இருக்கிறது. அடியில் இருப்பது கெர்னல் இயக்கி. இன்டெலுக்கு ஐ915 அல்லது எக்ஸ்இ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்குத் திறமூல நூவோ அல்லது அந்நிறுவனமே தரும் இயக்கி. (2004-இல் வந்த இன்டெல் 915 சிப்செட்டின் பெயரைத் தாங்கிய இயக்கிதான் இன்றும் பல புதிய கணினிகளை ஓட்டுகிறது, பெயரைப் பார்த்து இது பழையது என்று நினைத்துவிட வேண்டாம்.) அடுத்தது ஃபர்ம்வேர். கிராஃபிக்ஸ் சிப்பின் உள்ளே ஓடும் சிறு நிரல்களான இவை, கணினி தொடங்கும்போது வட்டிலிருந்து சிப்புக்குள் ஏற்றப்படுகின்றன. மூன்றாவது மேசா எனும் நூலகத் தொகுப்பு. ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகிய வரைகலை இடைமுகங்களைக் கேட்கும் செயலிகளுக்கு (ஆப்) விடை சொல்வது அது. எல்லாவற்றுக்கும் மேலே வேலண்டோ எக்ஸ் சர்வரோ நின்று, சாளரங்களைத் திரையில் அடுக்குகிறது.

எந்த அடுக்கில் கோளாறு என்று அறியாமல் கையில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் இட்டுப் பார்ப்பதால்தான் சிறிய சிக்கல்கள் மறுநிறுவலில் போய் முடிகின்றன. தொடக்கத்திலேயே திரை கறுத்தால் முதல் இரண்டு அடுக்குகளைச் சந்தேகிக்க வேண்டும். டெஸ்க்டாப் தெரிகிறது, ஆனால் எல்லாம் மந்தமாக நகர்கிறது என்றால் மூன்றாவது அடுக்குக்கு வேலை வரவில்லை என்று பொருள். அதற்கும் காரணம் கீழடுக்கில் இருக்கலாம். உள்நுழையும்வரை எல்லாம் சரியாக இருந்து, கடவுச்சொல் கொடுத்தபின் மீண்டும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பினால் நான்காவது அடுக்கைப் பார்க்கலாம்.

திரையே தெரியாதபோது

முதலில், கணினி உண்மையிலேயே உறைந்துவிட்டதா, திரை மட்டும்தான் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள முனையம் வரக்கூடும். வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. அங்கேயே உள்நுழைந்து, அடுத்த பகுதியில் சொல்லப்படும் சோதனைகளைச் செய்யலாம்.

அதுவும் வரவில்லையென்றால் கணினியை அணைத்துத் தொடங்கி, கிரப் பட்டியலை (எந்தக் கெர்னலுடன் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரவழைக்க வேண்டும். யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினிகளில், தயாரிப்பாளரின் சின்னம் மறைந்த உடனே எஸ்கேப் விசையைத் தட்டினால் அது தோன்றும். பட்டியலில் முதல் வரியின்மீது நின்று ஈ விசையை அழுத்தினால், தொடக்கக் கட்டளைகள் திருத்தக்கூடிய வடிவில் காட்டப்படும். அவற்றில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 விசையை அழுத்த வேண்டும். இது இயக்கியைத் திரையின் பொறுப்பை ஏற்காமல் நிறுத்தி, யூஇஎஃப்ஐ ஏற்கெனவே அமைத்துக் கொடுத்த எளிய திரையையே தொடர்ந்து பயன்படுத்தச் சொல்கிறது. உபுண்டுவின் நிறுவல் வட்டில் உள்ள ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ தெரிவும் இதையேதான் செய்கிறது.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். திரை வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எண்ணி அந்தச் சொல்லை நிரந்தரமாக எழுதிவைத்துவிடுவார்கள். நோமோட்செட் இருக்கும்வரை முறையான இயக்கி ஏறாது. வரைகலைப் பணி முழுவதும் முதன்மைச் செயலியின் (சிபியு) தலையில் விழும். வெளிச்சக் கட்டுப்பாடும் வெளித்திரையும் வேலை செய்யாமல் போகும். மின்கலம் வேகமாகத் தீரும். உள்ளே நுழைந்து பழுது பார்ப்பதற்கு மட்டுமே அது. பணி முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும்.

நேற்றுவரை சரியாக ஓடிய கணினி ஒரு புதுப்பித்தலுக்குப் பின் கறுத்துப்போனால் இன்னும் எளிய வழி உண்டு. கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குள் முந்தைய கெர்னல் இன்னும் இருக்கும். அதைத் தேர்ந்து தொடங்கிப் பாருங்கள். அது ஓடினால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது.

என்ன இருக்கிறது, எது ஓடுகிறது

உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாதீர்கள். நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள். விடைகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

எந்தக் கெர்னல் ஓடுகிறது? ‘யூநேம்’ கட்டளையை, சிறுகோடும் ஆர் எழுத்தும் சேர்த்து இட்டால் பதிப்பு எண் கிடைக்கும்.

எந்தச் சிப், எந்த இயக்கி? ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைச் சிறுகோடு, என், என், கே ஆகியவற்றுடன் இட வேண்டும். வரும் நீண்ட பட்டியலில் ‘விஜிஏ’, ‘3டி கன்ட்ரோலர்’, ‘டிஸ்ப்ளே கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் பகுதிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்பதே முக்கியம். அது இல்லையென்றால் அந்தச் சிப்பை எந்த இயக்கியும் பொறுப்பேற்கவில்லை. ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்ற வரி மட்டும் இருந்தால், பொருத்தமான இயக்கி வட்டில் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை அல்லது ஏறித் தோற்றிருக்கிறது. நோமோட்செட்டுடன் தொடங்கியிருந்தாலும் இப்படித்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் பட்டியலில் இருந்தால், உங்களுடையது இரட்டை கிராஃபிக்ஸ் கொண்ட கணினி.

வரைவது யார்? ‘மேசா-யூட்டில்ஸ்’ என்ற பொதியை (பேக்கேஜ்) நிறுவி, ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையைச் சிறுகோடு, பெரிய பி எழுத்து ஆகியவற்றுடன் இட்டால், ‘ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்’ என்ற வரியில் சிப்பின் பெயர் வர வேண்டும். அங்கே ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால், உங்கள் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, முதன்மைச் செயலிதான் ஒவ்வொரு படப்புள்ளியையும் கணக்கிட்டு வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விசிறி இரைவதற்கான காரணம் பலமுறை இந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடும்.

கெர்னல் என்ன முறையிடுகிறது? ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையைச் சிறுகோடு-கே, சிறுகோடு-பி ஆகிய இரண்டுடன் இட்டால் இந்தத் தொடக்கத்தின் கெர்னல் செய்திகள் வரும். பி எழுத்துக்குப் பின் இடைவெளி விட்டு -1 என்று சேர்த்தால், இதற்கு முந்தைய தொடக்கத்தின் செய்திகள் வரும். திரை கறுத்துப்போன அந்தத் தொடக்கத்தில் என்ன நடந்தது என்பதை இப்போது அமைதியாகப் படிக்க இதுவே வழி. இயக்கியின் பெயர், ‘டிஆர்எம்’, ‘ஃபர்ம்வேர்’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். சிவப்பு நிறத்தில் வரும் எல்லா வரிகளும் ஆபத்தானவை அல்ல. நன்றாக ஓடும் கணினியிலும் ஏசிபிஐ (மின்மேலாண்மை ஏற்பாடு) பற்றிய சில சிவப்பு வரிகள் இருக்கவே செய்யும்.

கெர்னல் பழையதா?

புதிய மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் காரணம் இதுதான். ஆகவே இதில் சற்று நிதானிக்க வேண்டும். நிலைத்த வழங்கல்கள் தம் கெர்னலை ஒரு பதிப்பில் நிறுத்திக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்த்துக்கொண்டு வருகின்றன. டெபியன் 12 ஜூன் 2023-இல் கெர்னல் 6.1 உடன் வந்தது. உபுண்டு 24.04 ஏப்ரல் 2024-இல் 6.8 உடன் வந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22-உம் அதே கெர்னலுடன் வந்தது. இன்டெலின் லூனார் லேக் முதன்மைச் செயலிகள் கொண்ட மடிக்கணினிகளோ செப்டம்பர் 2024-இல்தான் கடைக்கு வந்தன. அவற்றின் கிராஃபிக்ஸுக்கான ஆதரவு கெர்னல் 6.12-இல்தான் இயல்பாகவே இயக்கப்பட்டது. அத்தகைய கணினியில் டெபியன் 12-ஐ நிறுவிவிட்டு இயக்கி ஏறவில்லையே என்று தேடினால், இல்லாத ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

ஒன்றையும் நிறுவாமலேயே இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. அண்மையில் வெளியான வேறொரு வழங்கலின் நேரடி வட்டை ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். ஃபெடோரா பொதுவாகப் புதிய கெர்னலுடன் வருவதால் இந்தச் சோதனைக்கு ஏற்றது. அதில் திரை ஒழுங்காக இருந்தால் வன்பொருள் பழுதில்லை. உங்களுக்குத் தேவை புதிய கெர்னலும் ஃபர்ம்வேரும் மட்டுமே. அதிலும் அதே கோளாறு இருந்தால், மின்கலம், திரை இணைப்பு உள்ளிட்ட வன்பொருளையும், கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸையும் சந்தேகிக்க இடமுண்டு. வட்டைத் துடைத்து மூன்று வழங்கல்களை மாற்றி மாற்றி நிறுவிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கெர்னலைப் புதுப்பிக்கும் வழி வழங்கலுக்கு வழங்கல் மாறுபடும். உபுண்டு 24.04-இல் ‘லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04’ என்ற பொதியை நிறுவினால், பின்னர் வந்த உபுண்டு பதிப்புகளின் கெர்னல் கிடைக்கும், 24.04.3 வெளியீடு வந்தபோது அது 6.14 ஆக இருந்தது. மின்ட்டில் புதுப்பித்தல் மேலாளரிலேயே கெர்னல்களுக்கான தனிச் சாளரம் உண்டு. டெபியனில், புதிய பொதிகளைப் பழைய பதிப்புக்கும் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது கெர்னல் 6.12 உடன் ஆகஸ்ட் 2025-இல் வந்த டெபியன் 13-க்கு மாறலாம். ஃபெடோராவும் ஆர்ச்சும் வழக்கமான புதுப்பித்தலிலேயே புதிய கெர்னலைத் தந்துவிடும். எங்கிருந்தோ கிடைத்த கெர்னலைக் கையால் நிறுவுவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கையொப்பச் சிக்கலும் பாதுகாப்புப் புதுப்பிப்பின்மையும் சேர்ந்தே வரும்.

கெர்னலை மட்டும் புதுப்பித்து ஃபர்ம்வேரை விட்டுவிடுவது அடுத்த பொறி. கெர்னல் செய்திகளில் ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்’ என்று தொடங்கி ‘எரர் -2’ என்று முடியும் வரி இருந்தால், கேட்ட கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். அந்தக் கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பொதியைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெபியனில் இக்கோப்புகள் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்னும் தனிப்பகுதியில் உள்ளன. 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவல் வட்டிலேயே அவை சேர்க்கப்பட்டுள்ளன. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள் அப்பகுதியைக் களஞ்சியப் பட்டியலில் தாமே சேர்க்க நேரலாம். ஆதரிக்கும் கணினிகளில் ‘எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர்’ கட்டளையின் வழியாகப் பயாஸையும் லினக்ஸிலிருந்தே புதுப்பிக்க முடியும். சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன மாதிரிகளில், உறக்கத்திலிருந்து எழாத திரைக்கு மருந்து இயக்கியில் இல்லாமல் அங்கே கிடைப்பதுண்டு.

என்விடியா இருந்தால்

என்விடியாவின் முழுத்திறனும் வேண்டுமானால் அந்நிறுவனத்தின் இயக்கியைத் தனியே நிறுவியாக வேண்டும். மே 2022-இல் தன் கெர்னல் மாட்யூல்களின் (கெர்னலுக்குள் ஏற்றப்படும் இயக்கிப் பகுதிகளின்) மூலநிரலை அந்நிறுவனம் திறந்தது. 2018-இல் வந்த டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் இந்தத் திறந்த மாட்யூல்களில் இயங்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைச் சிப்களுக்கு அவை மட்டுமே பொருந்தும். பழைய மூடிய மாட்யூலைத் தேர்ந்தால் சிப் வேலையே செய்யாது. மேலடுக்கு நூலகங்கள் இன்னும் மூடியவையாகவே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுவுவதற்கு உங்கள் வழங்கலின் களஞ்சியத்தையே பயன்படுத்துங்கள். உபுண்டுவில் ‘உபுண்டு-டிரைவர்ஸ்’ கட்டளையோ ‘கூடுதல் இயக்கிகள்’ சாளரமோ போதும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தின் ‘ஏகேமாட்-என்விடியா’ பொதி உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் ‘ரன்’ என்ற பின்னொட்டுடன் கிடைக்கும் கோப்பை இறக்கி ஓட்டாதீர்கள். பொதி மேலாளருக்குத் தெரியாமல் அது கோப்புகளை வைத்துவிட்டுப் போகும். அடுத்த புதுப்பித்தலில் எது எதனுடையது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும்.

நிறுவியபின்னும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளை, இயக்கியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது செக்யூர் பூட். ‘மாக்யூட்டில்’ கட்டளையுடன் இரு சிறுகோடுகளும் ‘எஸ்பி-ஸ்டேட்’ என்பதும் சேர்த்து இட்டால், அது இயங்குகிறதா என்பது தெரியும். செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்ற செய்தி வரும். உபுண்டு சில கெர்னல்களுக்குக் கையொப்பமிட்ட ஆயத்த மாட்யூல்களையே தருகிறது. அவை இல்லாதபோது, மாட்யூல் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட்டு, உள்ளூரில் உருவாக்கிய சாவியால் கையொப்பமிடப்படும். அந்தச் சாவியைக் கணினி ஒருமுறை ஏற்றாக வேண்டும். நிறுவலின்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படுவது அதற்காகத்தான். மறுதொடக்கத்தில் நீலநிறத் திரை ஒன்று தோன்றி, பத்து விநாடிகள் மட்டும் காத்திருக்கும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ எனத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தேநீர் எடுக்கப் போய் இந்தத் திரையைத் தவறவிடுபவர்கள் அதிகம். தவறவிட்டால் சாவியைப் பதியும் விண்ணப்பத்தை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கெர்னல் புதுப்பித்த மறுநாள் என்விடியா காணாமல் போனால், மாட்யூல் புதிய கெர்னலுக்காகத் தொகுக்கப்படவில்லை என்று கொள்ளலாம். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கட்டளை அதைக் காட்டும். அந்தக் கெர்னலுக்குரிய ‘ஹெடர்ஸ்’ பொதி இல்லாமையே வழக்கமான காரணம்.

இரட்டை கிராஃபிக்ஸ் கணினிகளில், டெஸ்க்டாப்பை ஒருங்கிணைந்த சிப் வரைவதும் என்விடியா சிப் உறங்கிக்கொண்டிருப்பதும் கோளாறன்று. மின்கலத்தைக் காக்கும் ஏற்பாடு. ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ இன்டெலின் பெயரைக் காட்டுகிறதே என்று பதறத் தேவையில்லை. குறிப்பிட்ட விளையாட்டையோ செயலியையோ மட்டும் தனிச் சிப்பில் ஓட்ட, பல வழங்கல்களில் ‘பிரைம்-ரன்’ என்பதை அதன் பெயருக்கு முன் இட்டால் போதும். க்னோம் டெஸ்க்டாப்பில் செயலியின் சின்னத்தை வலச்சொடுக்கினாலே அந்தத் தெரிவு கிடைக்கும். பல மாதிரிகளில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனிச் சிப்புடன் இணைக்கப்பட்டிருப்பதால், அதன் இயக்கி ஏறும்வரை வெளித்திரையில் படம் வராது. கம்பியையும் திரையையும் மாற்றிப் பார்க்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மினுக்கலும் வெளிச்சமும்

இயக்கி சரியாக ஏறியபின்னும் திரை அவ்வப்போது மினுக்கினால், பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்னும் மின்சேமிப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். படம் மாறாமல் இருக்கும்போது, திரைப்பலகை தன் நினைவகத்தில் உள்ளதையே காட்டிக்கொண்டிருக்க, சிப்புக்கும் திரைக்குமான இணைப்பு ஓய்வெடுக்கிறது. விழித்தெழும் நேரத்தில் சில திரைப்பலகைகள் தடுமாறுகின்றன. இன்டெலில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ என்பதும், எக்ஸ்இ இயக்கியாயின் முதற்சொல்லை மட்டும் மாற்றி அதுவும், ஏஎம்டியில் ‘ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10’ என்பதும் அதை நிறுத்தும். வெளிச்ச விசைகள் வேலை செய்யாவிட்டால் ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ என்பதை முயலலாம்.

இவற்றை, நோமோட்செட்டைச் சேர்த்த அதே இடத்தில், கிரப்பின் திருத்தத் திரையில் முதலில் சேர்த்துப் பாருங்கள். அங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், தவறு நேர்ந்தாலும் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் பயன்படுத்திப் பயன் உறுதியானபின், இடிசி கோப்புறையின் டீஃபால்ட் உட்கோப்புறையில் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, பெரிய எழுத்துகளில் உள்ள ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்’ வரியின் மேற்கோள் குறிகளுக்குள் அதை எழுதி, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இட வேண்டும். ஃபெடோராவில் ‘க்ரபி’ கட்டளை இதற்கெனவே உள்ளது.

இணையத்தில் தேடும்போது, எக்ஸ்ஆர்க் (எக்ஸ் சர்வர்) அமைப்புக் கோப்பைக் கையால் எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளும், இன்டெலுக்கெனத் தனி எக்ஸ் இயக்கியை நிறுவச் சொல்லும் குறிப்புகளும் ஏராளமாகக் கண்ணில் படும். இன்றைய கணினிகளுக்கு அவை தேவையில்லை. பல நேரங்களில் கெடுதலே செய்கின்றன. குறிப்பு எழுதப்பட்ட ஆண்டையும் அதில் பேசப்படும் கெர்னல் பதிப்பையும் பார்த்தபின்பே அதிலுள்ள கட்டளையை இடுங்கள்.

பழுதைத் தெரிவித்தல்

புதிய கெர்னல், புதிய ஃபர்ம்வேர், நேரடி வட்டுச் சோதனை ஆகிய மூன்றுக்குப் பின்னும் கோளாறு நீடித்தால், அது இயக்கியின் பிழையாகவே இருக்கலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிழைத்தளங்கள் உண்டு. இன்டெல், ஏஎம்டி இயக்கிகளுக்கும் மேசாவுக்கும் உரிய பிழைகளை ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப் தளத்தில் நேரடியாகவும் பதியலாம். கணினியின் முழு மாதிரிப் பெயர், முன்னர் எழுதி வைத்த நான்கு விடைகள், முழுமையான கெர்னல் செய்திக் கோப்பு, கோளாறு எந்தச் செயலின்போது நேர்கிறது என்ற விவரம், ஒழுங்காக ஓடிய கடைசிக் கெர்னல் பதிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். செய்திக் கோப்பிலிருந்து உங்களுக்கு முக்கியமென்று படும் நான்கு வரிகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். உருவாக்குநர் தேடுவது பெரும்பாலும் அவற்றுக்கு முன்னே இருக்கும். வரிசை எண், பயனர் பெயர் போன்றவை கோப்பில் இருந்தால் பதிவேற்றும் முன் நீக்கிவிடுங்கள். திருத்தம் வந்த கெர்னல் உங்கள் வழங்கலை எட்டியதும், இடையில் கிரப் கோப்பில் எழுதிவைத்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீண்டும் சோதித்துப் பாருங்கள்.